இருக்கையின் உயரம்

அத்தியாயம் 14

சபைக்குப் போகும் வெள்ளைச் சட்டையைச் சின்னத்துரை வெள்ளிக்கிழமையே எடுத்து உடுத்திக்கொண்டதைப் பார்த்ததும், ஏதோ முடிவாகிவிட்டது என்று எப்சிக்குத் தெரிந்துவிட்டது.

"ராஜபாளையம் போறோம். வண்டிய ஒரு தடவ பாத்துட்டு வந்திருவோம். வண்டி கைக்கு வந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை சபை வாசல்ல நிறுத்தி பாஸ்டர் ஜெபிக்கணும்னு சொல்லிட்டேன்" என்றார்.

"எந்த வண்டி மாமா?"

"நல்ல வண்டி."

மருமகளிடம் அதற்கு மேல் அவர் பேசவில்லை. அடுப்படியிலிருந்து அவர் மனைவி அன்னாள்தான் சொன்னாள்.

"எஸ்யுவியாம், ஒசரமான பெரிய வண்டியாம். வேன்காரன் ஜெயபாண்டியக் கூட்டிட்டுப் போயி போன வாரமே பேரக் குடுத்துட்டு வந்திருக்காவ. எங்கிட்டயே நேத்துதான் வாயத் தொறந்தாவ."

எப்சி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவன் ஜெபின், மலைப்பாதையில் லாரி உருண்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்து, புனே மருத்துவமனையில் வெகுகாலம் கிடந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததை இதுவரை பார்த்தோம். வந்த நாளிலிருந்து மருத்துவமனைக்குத் தவிர வேறெதற்கும் அவன் வாசலைத் தாண்டவில்லை. போன வாரம்தான், கிருஷ்ணன்கோவில் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று மோட்டார் பாடம் நடத்த அவனை அழைத்தது. அவன் எப்சியிடம் மட்டும் ஒன்று சொன்னான்.

"யாரும் என்னத் தூக்காம, நானா ஏறி நானா எறங்குற மாதிரி ஒரு வண்டி இருந்தாப் போறேன். இல்லன்னா வேண்டாம்."

அதை அவள் மாமனாரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். கேட்டுக்கொண்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

சின்னத்துரையும் பட்டாளத்துக்காரர்தான். ஓய்வு பெறும்வரை ராணுவ லாரி ஓட்டியவர். தரையோடு தரையாகப் போகும் எந்த வண்டியையும் அவர் வண்டியாகவே எண்ணுவதில்லை.

ஜெபின் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். எப்சி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அத்தான், நீங்களும் வரணும்."

அவன் திரும்பவில்லை. வெளியே பள்ளிக்கூட ஆட்டோ ஒன்று பிள்ளைகளின் சத்தத்தோடு கடந்து போனது. அந்தச் சத்தம் மடவார் வளாகம் கோவில் பக்கம் தேய்ந்து அடங்கியது.

"அவிய எடுத்துட்டாவ. நான் பாத்து என்ன ஆகப்போவுது?"

"பேருதான் குடுத்திருக்காங்க. வண்டி இன்னும் வரலல்லா?"

அவள் எழுந்து கதவுவரை போனபோது, "பலகைய எடுத்துக்க" என்றான்.

புனேயில் கொடுத்த வழுவழுப்பான பலகை அது. நாற்காலிக்கும் இருக்கைக்கும் நடுவில் பாலம்போலப் போட்டு, கைகளை ஊன்றி நகர்ந்து மாறிக்கொள்ள வேண்டும். வீட்டில் அது அலமாரிக்குப் பின்னால்தான் கிடந்தது. ஏனென்றால் காலையில் கட்டிலிலிருந்து அவனைத் தூக்கி நாற்காலியில் வைப்பது சின்னத்துரை. வேறு யாரையும் அவர் விடுவதில்லை. பலகையையும் விடுவதில்லை.

ஜெயபாண்டியின் ஆம்னி வேன் வாசலில் வந்து நின்றது. பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்து, ஜெயபாண்டி கால்களையும் சின்னத்துரை தோள்களையும் பிடித்து ஜெபினை உள்ளே ஏற்றினார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஜெபின் கண்ணை மூடிக்கொண்டான். அன்னாள் வரவில்லை, வாசலில் நின்று, உதடு மட்டும் அசைய ஜெபித்தாள்.

வேன் ஊரைத் தாண்டியதும் மேற்கே மலை தெரிந்தது. ஜெயபாண்டிக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணாச்சி, ஒங்க வண்டி வந்துட்டா எம் பொழப்பு போச்சு."

"ஒனக்கு எப்பலே பொழப்பு இருந்துச்சு? எங்க வீட்ட வச்சுத்தான ஓட்டுத?"

முன்னால் ஒரு நீள வண்டி வேனை முந்திப் போனது. ஜெயபாண்டி அதைக் கையால் காட்டினான்.

"இதப் பாருங்க, டிக்கி தனியா பின்னால நீட்டிக்கிட்டு இருக்கு. செடானு. கல்யாண வீட்டுக்காரவுகதான் வாங்குவாக. பின்பக்கம் நறுக்குனாப்புல இருந்தா ஹேட்ச்பேக்கு, அது வாத்தியார் வண்டி. எட்டிப் பாக்குற உசரத்துல போச்சுன்னா எஸ்யுவி. ஒண்ணு கட்சிக்காரரு, இல்ல நம்ம அண்ணாச்சி."

"ஓட்டுலே பேசாம."

"அப்ப என் வண்டிய என்னன்னு சொல்ல?"

"ரொட்டிப் பெட்டிக்குச் சக்கரம் வச்சது" என்றான் ஜெபின்.

ஜெயபாண்டி சிரித்தான். சின்னத்துரை திரும்பி மகனைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தபின் அவன் கேலியாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அதன் பிறகு அவன் ராஜபாளையம் வரும்வரை மலையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஷோரூம் ஊர் நுழையும் இடத்தில், மதுரை ரோட்டின்மேல் இருந்தது. பானுப்பிரியா என்ற விற்பனைப் பெண் வெளியே வந்து வரவேற்றாள். முற்றத்தில் அந்த எஸ்யுவி கழுவித் துடைத்து நின்றது. அதன் எஞ்சின் மூடியே எப்சியின் நெஞ்சுக்கு வந்தது.

"சார் கேட்ட கலர்தான். இது சும்மா ஓட்டிப் பாக்கிறதுக்கு. ஒங்களுக்கு வேற வண்டி வரும்" என்றாள் பானுப்பிரியா.

சின்னத்துரை முன்கதவைத் திறந்தார். இருக்கை எங்கோ மேலே இருந்தது. வேனிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்திருந்த ஜெபின் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பா, இது எனக்கு எட்டாது."

"நீ எதுக்கு எட்டணும்? நான் இருக்கேன்லா."

"தெனமும் கிருஷ்ணன்கோவிலுக்கு..."

"தெனமும் நான் வாரேன். ஏத்தி விட்டு, ஓட்டி, எறக்கி விட்டு, நீ பாடம் முடிக்கிற வரைக்கும் வாசல்ல இருக்கேன். எனக்கு வேற என்ன சோலி?"

ஜெபின் மறுத்துச் சொல்லும் முன்பே அவர் குனிந்து, ஒரு கையை அவன் முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்குக் கீழும் கொடுத்துவிட்டார். ஜெயபாண்டி உதவிக்கு வந்தான். "நீ தள்ளிக்க" என்றார்.

முதல் மூச்சில் பாதிவரை தூக்கினார். ஜெபினின் கால் ஏறுபடியின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. அது மாட்டியது அவனுக்கே தெரியவில்லை. சின்னத்துரை இன்னும் எம்பினார். உடம்பு மேலே போக, கால் கீழேயே நின்றது. எப்சி ஓடிப்போய் அந்தக் காலை எடுத்துவிட்டாள். அப்போது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முனகலைப் போல, ஆனால் அதைவிடச் சின்னதாக. அடுத்த நொடி ஜெபின் இருக்கையில் இருந்தான்.

சின்னத்துரை கதவைப் பிடித்தபடி நின்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"பாத்தியா. மகாராசா மாதிரி இருக்கான்."

ஷோரூமுக்குள் இருந்த இரண்டு பேர் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஜெயபாண்டி தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, போன வாரம் நாம பாத்தது தப்பாப் போச்சே."

"என்னலே தப்பு?"

அவன் எப்சியைப் பார்த்துச் சொன்னான். "தம்பி வெயிட்டும் என் வெயிட்டும் ஒண்ணுதான்னு, அண்ணாச்சி என்னத் தூக்கி இதுல வச்சுப் பாத்தாகம்மா. சுளுவா வச்சிட்டாக. இங்க உள்ளவுகல்லாம் கை தட்டுனாக." அவன் நிறுத்தினான். "ஆனா நான் அந்தப் படியில கால ஊனி ஒரு எம்பு எம்புனேன். தன்னால எம்பிருச்சு. விழுந்துருவோமோன்னு."

சின்னத்துரை கதவிலிருந்து கையை எடுத்தார்.

"எறக்கி விடுங்கப்பா" என்றான் ஜெபின்.

இந்தத் தடவை ஜெயபாண்டி தள்ளி நிற்கவில்லை. இறக்கியதும் சின்னத்துரை, "செத்த நேரம் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று உள்ளே போனார். ஒரு கை விலாவுக்குக் கீழே இருந்தது.

எப்சி அவரையே பார்த்தாள். காலையில் அவனைத் தூக்கி வைக்கும் அந்த ஒரு நிமிடம்தான் அப்பனும் மகனும் தொட்டுக்கொள்வது. மற்ற நேரமெல்லாம் ஒரே வீட்டில் ஒருவர் இருமுவதை ஒருவர் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். அந்த நிமிடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் இவ்வளவு உயரமான வண்டியை அவர் தேர்ந்தெடுத்தாரோ என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவரிடம் கேட்க முடியாது. கேட்டால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

அவள் பானுப்பிரியாவிடம் திரும்பினாள்.

"இந்த நாற்காலி உக்காருற எடம் எம்புட்டு உசரமோ, அம்புட்டு உசரத்துல சீட்டு இருக்கணும். அப்படி எதுவும் இருக்கா?"

பானுப்பிரியா நாற்காலியைப் பார்த்தாள். "யாரும் இப்படிக் கேட்டதில்லக்கா. மைலேஜ் கேப்பாங்க, கலர் கேப்பாங்க. வாங்க, ஒவ்வொண்ணா வச்சுப் பாத்துருவோம்."

முதலில் செடான். கூரை தாழ்ந்து, முன்னும் பின்னும் நீண்டு, அழகாக இருந்தது. இருக்கை நாற்காலியைவிடத் தாழ்வு. பலகையைச் சரிவாகப் போட்டதும் ஜெபின் சறுக்கி உள்ளே போய்விட்டான். தலை கூரையில் இடித்தது, அவ்வளவுதான். எப்சியின் முகம் மலர்ந்தது. ஆனால் திரும்பி வரும்போது அந்தச் சரிவே மேடாகிவிட்டது. இரண்டு முறை கையை ஊன்றி எழும்பினான். இரண்டு முறையும் பலகையின் பாதியிலிருந்து மீண்டும் உள்ளேயே வழுக்கிப் போனான். நெற்றியில் வியர்வை கோத்து நின்றது.

"ஏறிக்கலாம், எறங்க முடியாது. எங்கயாவது போயி மாட்டிக்கிடுவேன்" என்றான்.

ஜெயபாண்டி நாற்காலியை மடக்கி அதன் டிக்கியில் வைக்கப் பார்த்தான். உள்ளே இடம் தாராளமாக இருந்தது. வாய்தான் குறுகல். சக்கரம் நுழையவில்லை.

"பெட்டி பெருசு, வாசல் சிறுசு" என்றவன், நாற்காலியை விரித்து ஜெபினை அதில் தூக்கி வைத்தான்.

ஏழு பேர் உட்காரும் எம்யுவியும் ஒன்று இருந்தது. எப்சிக்கு அதன்மேல்தான் ஆசை. குடும்பமே ஒன்றாகப் போகலாம். அதில் இருக்கை நாற்காலியைவிட ஒரு சாணுக்குமேல் உயரம். அந்த ஒரு சாண் ஜெபினின் கைகளுக்குக் கூடுதலாக இருந்தது. கடைசிமட்டும் முயன்று பார்த்துவிட்டு மூச்சு வாங்கினான்.

"போதும் எப்சி. வீட்டுக்குப் போவோம்."

அவன் அப்படிச் சொன்ன குரல் அவளுக்குத் தெரியும். புனேயில் ஒருமுறை கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு பத்து நாள் அவன் யாருடனும் பேசவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாருங்க சார்" என்றாள் பானுப்பிரியா. "சின்ன வண்டிதான். பெரியவர் பிடிக்கலன்னுட்டார், அதான் காட்டல."

ஓரத்தில், பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு ஹேட்ச்பேக் நின்றது. நீளம் குறைவு. மூக்கு கட்டை. ஆனால் கூரை உயர்ந்து, கதவு அகலமாகத் திறந்தது. பானுப்பிரியா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"நான் அந்தப் பக்கம்லா ஏறணும்?" என்றான் ஜெபின்.

"இது கியர் மாத்த வேண்டாத வண்டி சார். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் கையால இயக்குற மாதிரி மாத்திக் குடுக்கிறவங்க இருக்காங்க. ஆர்டிஓ ஆபீஸ்ல அனுமதி வாங்கிக்கிடணும். அப்புறம் நீங்களே ஓட்டலாம்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு இருக்கையைப் பார்த்தான்.

எப்சி நாற்காலியை ஒட்டி நிறுத்தினாள். பலகையை வைத்தாள். அது சாயவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மட்டமாக நின்றது. அவள் இரண்டடி பின்னால் போனாள். ஜெயபாண்டியின் சட்டையைப் பிடித்து அவனையும் பின்னால் இழுத்தாள்.

ஜெபின் ஒரு கையை நாற்காலியில் ஊன்றினான். ஒரு கையைக் காரின் இருக்கையில் ஊன்றினான். உடம்பு கொஞ்சம் எழும்பி, நகர்ந்து, அமர்ந்தது. மறுபடியும் எழும்பி, நகர்ந்து, அமர்ந்தது. தலையைக் குனிந்து உள்ளே கொண்டுபோனான். பிறகு வெளியே கிடந்த தன் காலைப் பேன்ட்டோடு பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தான். அடுத்த காலையும் வைத்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

யாரும் கை தட்டவில்லை. பானுப்பிரியா தரையைப் பார்த்தாள்.

அவன் அதே வழியில் இறங்கினான். மறுபடியும் ஏறினான். யாரும் கேட்காமலேயே.

எப்சி பின்கதவைத் தூக்கினாள். கண்ணாடியும் கதவும் ஒன்றாகவே மேலே போயின. வாசல் பெரிதாக இருந்தது. ஆனால் உள்ளே ஆழமில்லை. பின்னிருக்கையில் பாதியை மடித்த பிறகுதான் நாற்காலி படுத்தது. மீதமிருந்த பாதியில் ஓர் ஆள் உட்காரலாம்.

அவள் நிமிர்ந்தபோது சின்னத்துரை எதிரே நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"ஏறிட்டானா?"

"தானா ஏறிட்டாங்க மாமா. எறங்கவும் செஞ்சிட்டாங்க."

அவர் மகனைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் பாதிதான் தெரிந்தது. அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து உடனே போனது. பிறகு அவர் மடிந்து கிடந்த பின்னிருக்கையைப் பார்த்தார்.

"அவன் ஓட்டுவான். நீ பக்கத்துல இருப்ப. பின்னால இந்த நாற்காலி. அப்ப ஒருத்தருக்குத்தான் எடம்."

எப்சி பின்கதவைத் தாழ்த்தினாள்.

"ஞாயித்துக்கிழமை சபைக்கு நான் வரவா, ஒங்க அத்தை வரவா?"

"மாமா, அதுக்கு ஏதாவது..."

"சபையில அம்புட்டுப் பேரும் நிக்கும்போது, பாஸ்டர் இந்த வண்டி மேலயா கை வப்பாரு? 'சின்னத்துரை குடும்பத்துக்குக் கர்த்தர் குடுத்த வாகனம்'னு சொல்லுவாவ. குடும்பத்துல யாரும்மா உள்ள இருக்கா?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

"அவங்க வேலைக்குப் போகணும் மாமா" என்றாள். "அதுக்குத்தான வண்டி."

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பானுப்பிரியாவிடம் போய், "எம்மா, நான் சொன்னது வேண்டாம். அவனுக்கு எது சரியா இருக்கோ அதப் போட்டுக்க" என்றார். சொல்லிவிட்டு எப்சியைத் தாண்டிக் கேட்டை நோக்கி நடந்தார்.

"மாமா, எங்க போறீங்க? வேன் நிக்குதுல்லா?"

"நீங்க சாவகாசமா வாங்க. நான் பஸ்ஸுல போறேன். எப்படியும் இனிமே பஸ்ஸுதான்."

அவள் பின்னாலேயே கேட்வரை போனாள். அவர் ரோட்டைக் கடந்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் அரசுப் பேருந்து ஒன்று வந்து நின்றது. இரண்டு பெண்கள் ஏறினார்கள். பிறகு அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, முதல் படியில் கால் வைத்தார்.

ஏறவில்லை.

காலை எடுத்துக் கீழே வைத்தார். மறுபடியும் வைத்தார். உடம்பு அவரோடு மேலே வர மறுத்தது. மற்றொரு கை விலாவை இறுக்கிப் பிடித்திருந்தது. நடத்துநர் என்னவோ கேட்டார். சின்னத்துரை தலையை மட்டும் அசைத்தார். நடத்துநர் இறங்கி வந்து, அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, ஒரு மூட்டையை ஏற்றுவதுபோல அவரை உள்ளே ஏற்றினார்.

எப்சி கூப்பிட வாயைத் திறந்தாள். ஒரு சிமென்ட் லாரி குறுக்கே வந்தது. அது விலகியபோது பேருந்து நகர்ந்துவிட்டது.

அவள் திரும்பி நடந்தாள். ஜெபின் இன்னும் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான் இருந்தான். கண்ணாடியை இறக்கியிருந்தான். இத்தனை மாதங்களாக அவள் பார்க்காத ஒரு தெளிவு அவன் கண்ணில் இருந்தது.

"எப்சி, நான் ஒண்ணு யோசிச்சேன். மொத மொத நான் ஓட்டும்போது பக்கத்துல அப்பா உக்காரட்டும். அவிய ஓட்டுனதுல பாதி எனக்கு வராது. நீ பின்னால இருந்துக்க. அம்மாவ அடுத்த வாரம் கூட்டிட்டுப் போவோம்."

அவள் கார்க்கதவில் கையை வைத்தாள். தகரம் வெயிலில் சுட்டது.

"அப்பாவக் கூப்பிடு. நானே சொல்லுதேன்."

"அவங்க பஸ்ஸுல போயிட்டாங்க அத்தான்."

அவன் கேட்டின் பக்கம் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான்.

"கோவமாப் போனாவளா?"

பேருந்தின் படியில் எழும்ப முடியாமல் நின்ற அந்த முதுகு அவள் கண்ணிலேயே இருந்தது. அதை இப்போது சொன்னால், இவன் இந்த இருக்கையிலிருந்து இறங்கிவிடுவான். மறுபடியும் ஏறமாட்டான்.

"ஆமா" என்றாள். "கோவம்தான்."